முந்தின நாள் சொல்லணும்

அரிவாளை ஓங்கிய மகனின் கையைத் தேவானை எட்டிப் பிடித்தாள்.

"விடும்மா. பல்லக்கு இந்தக் கிளைல இடிக்குது. வெட்னாத்தான் நைனாவ வெளிய கொண்டுபோவ முடியும்," என்றான் செம்பியன்.

"மரத்தாண்ட சொன்னியா?"

பறையடித்தவர்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பூப்பல்லக்கில் பிணமாகக் கிடக்கும் அவள் புருஷன் தங்கவேல் உயிரோடிருந்து இப்படிக் கேட்டிருந்தால் அந்த அடையாற்றங்கரைச் சந்தில் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். வாசல் பூவரசில் ஒரு குச்சி ஒடிப்பதென்றாலும் முந்தின நாள் சாயங்காலமே அடிமரத்தில் கைவைத்து, "நாளைக்கி இந்தக் கிளைய எடுக்கறேன், குடியிருக்கறவங்க வேற எடம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வருகிற மனுஷர். காக்காய், அணில், கண்ணுக்குத் தெரியாதவர்கள், எல்லாருக்கும் சேர்த்துத்தான் சொல்வார்.

தேவானைக்கோ அந்த மரத்தைக் கண்டாலே ஆகாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதன் சருகைக் கூட்டி இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம். வீட்டில் வாயைத் திறக்காத ஆள் மரத்தோடு மணிக்கணக்கில் பேசினால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? அவருக்குத் துணையாக ஆஸ்பத்திரித் தரையில் மாதக்கணக்கில் கிடந்தவளிடம் அவர் கடைசியாகக் கேட்டதும், "மரத்துக்கு யாரு தண்ணி ஊத்தறா?" என்றுதான். நீ சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை இல்லை.

"இன்னாம்மா, நீயும் ஆரம்பிச்சிட்டியா? நேரமாவுது."

"போன வருசம் கவர்மெண்டுல ஆத்தோரத்து வூடுங்கள இட்ச்சாங்களே, மொத நாளு ஒரு வார்த்த சொன்னாங்களா? உங்கக்கா சோத்துப்பானையோட தெருவுல நின்னாளே, மறந்துட்டியா?"

செம்பியன் அரிவாளைக் கீழே போட்டான். தங்கவேலைப் பல்லக்கிலிருந்து இறக்கி, வெறும் பாடையில் கிடத்தி, நாலு பேர் முதுகை வளைத்துக் கிளைக்கு அடியில் தூக்கிப் போனார்கள். அந்த இடத்தில் அவரும் தினம் குனிந்துதான் போவார்.

பெண்கள் தெருமுனையோடு திரும்பி வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். தேவானை மட்டும் ஒரு குடம் தண்ணீரோடு வெளியே வந்தாள். உடம்பு முழுக்க வலி. அழக்கூடத் தெம்பில்லை. அடிமரத்தில் கையை வைத்தாள். அவர் கைபட்டுப் பட்டுப் பட்டை அங்கே வழவழத்துப் போயிருந்தது.

"உன் ஆளு பூட்டாரு," என்றாள். "என்னால மொத நாளே வந்து சொல்ல முடில. அவரு என்னாண்டயே சொல்லல."

குடத்தைச் சாய்த்தாள். சருகுக்கு அடியில் தண்ணீர் இறங்கி முடிகிறவரை கையை எடுக்கவில்லை.