தவறணை வாசலில் முனியாண்டி

தவறணையை மூட வைத்தவள் நாகலெட்சுமி. அதைத் திரும்பத் திறந்துவிட்டதும் அவள்தான் என்று யாராவது சொன்னால் பற்றிக்கொண்டு வரும் அவளுக்கு. உண்மை என்னவோ அதுதான்.

வட்டகொடைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரை காலத்தில் கட்டிய சாராயக்கடை அது. முதலில் கள் விற்றார்கள், பிறகு சாராயம். சம்பள நாளில் தொழிலாளர் வீடுகளான லயத்தில் பாதி அங்கேதான் கிடக்கும். மூன்று வருஷத்துக்கு முன் நாகலெட்சுமியின் தம்பி கந்தப்பன் அங்கிருந்து வரும்போது, வாசலுக்கு எதிரேயே தண்ணீர் ஓடும் கானில் விழுந்து செத்துப்போனான். காரியம் முடிந்த கையோடு, கொழுந்து எடுக்கும் பெண்களைக் கூட்டிப்போய் கடை வாசலில் உட்கார்ந்தாள். கடைக்காரன் பூட்டிக்கொண்டு டவுனுக்கு இறங்கும்வரை ஒருத்தியும் எழும்பவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். அவன் திரும்பி வந்துவிடுவானோ என்ற பயத்தில், ஒரு கல்லைக் கழுவி மஞ்சள் பூசி, பக்கத்தில் வேல் ஒன்றைக் குத்தி, வாசலிலேயே முனியாண்டியை வைத்துவிட்டாள். சாமியைத் தாண்டிக் கடை திறக்க எவனுக்குத் துணிச்சல் வரும்? கடைக்காரன் வரவில்லை. முனியாண்டிக்குப் படையல் சுருட்டும் சாராயமும் என்பதுதான் அந்தக் கோபத்தில் அவளுக்குத் தோன்றவில்லை.

பூசாரி வேறு யாருமில்லை, அவள் புருஷன் வீரய்யா. வெள்ளிக்கிழமை தவறாமல் ஆம்பளைகள் போத்தலும் கையுமாகப் பக்தியோடு வந்தார்கள். மூடியில் ஒரு சொட்டு சாமிக்கு, மிச்சமெல்லாம் பிரசாதம். கடை இருந்தபோதுகூட இவ்வளவு ஒழுங்காக யாரும் வந்ததில்லை. சாமி காரியம் என்பதால் வாய்விட்டுத் திட்டவும் வழியில்லை.

இந்த மழைக்குப் பிள்ளைக்காம்பராக் கூரை ஒழுகி, வேலைக்குப் போகும் தாய்மார் விட்டுப்போன குழந்தைகளெல்லாம் சளியில் இழுத்துக்கொண்டு கிடந்தன. அதில் ஒன்று தனுஷிகா, அப்பன் கந்தப்பனின் முகமே பார்க்காதவள். பிள்ளைக்காம்பராவுக்குப் பழைய தவறணையை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் இப்போதைய தோட்டத் துரை. சாமியை மட்டும் தான் தொடமாட்டேன், நீங்களே வேறு இடம் பாருங்கள் என்றார். அவள் வீரய்யாவிடம் கேட்டாள்.

"சாமிக்கு இந்த எடம் புடிச்சுப்போச்சு. நகராது" என்றான் அவன்.

அந்த வெள்ளிக்கிழமை, பெண்களோடு போய் அவன் முன்னால் நின்றாள்.

"சாமிக்குன்னு கொண்டாந்தது சாமிக்குத்தான். ஒரு சொட்டு மிச்சம் வைக்கக் கூடாது. ஊத்துங்க."

சாமி பேரைச் சொன்னபின் ஆம்பளைகள் ஒவ்வொருவராகப் போத்தலை நீட்டினார்கள். வீரய்யா ஊற்றினான். ஒவ்வொரு போத்தலும் கல்லில் வழிந்து, கந்தப்பன் விழுந்த அதே கானில் ஓடியது. ஆம்பளைகள் எச்சில் விழுங்கிக்கொண்டு நின்றார்கள். அடுத்த வெள்ளி பாதிப் பேர்தான் வந்தார்கள். அதற்கடுத்த வெள்ளி வெறுங்கையோடு நின்ற வீரய்யாவுக்குத் திடீரென்று அருள் வந்தது. தனக்கு இந்த இடம் வேண்டாம், மேட்டு மலை மரத்தடிக்குக் கொண்டுபோங்கள் என்று முனியாண்டி உத்தரவு போட்டார்.

நாகலெட்சுமி கும்பிட்டாள்.

"இத மூணு வருசத்துக்கு முந்தியே சொல்லியிருக்கலாமே சாமி."

புருஷனைத் திட்டுவதா, சாமியைத் திட்டுவதா, அங்கே கொண்டுவந்து வைத்த தன்னையே திட்டுவதா என்று தெரியவில்லை. தம்பிக்காக அன்று வராத அழுகை இப்போது வந்தது. அழுதுகொண்டே கல்லைத் தூக்கி வீரய்யா கையில் கொடுத்துவிட்டு, பிள்ளைகளுக்காகத் தவறணைக் கதவைத் திறந்தாள்.