ஒயர் இல்லாத தராசு

எங்கள் முதலாளி மாணிக்கவாசகத்துக்கு ஒயர் என்றாலே ஆகாது. ஒயர் தொங்கினால் அது என்ன கம்ப்யூட்டர் என்பார். தொண்ணூற்றொன்பதில், மைசூர் மண்டி மொஹல்லாவில், ஊதுபத்தி குடோனில் உட்கார்ந்துகொண்டு இப்படிப் பேசினார் மனுஷர். கரண்டு ஒயரைப் பிடுங்கினால் உங்கள் கம்ப்யூட்டர் கண்ணைத் திறக்குமா என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை. நான் அங்கே தற்காலிக ஆபரேட்டர்.

வேலை இதுதான். வீடுகளில் பெண்கள் உருட்டிய பத்திக் கட்டுகள் குடோனுக்கு வரும். ராமக்காள் அவற்றை எலக்ட்ரானிக் தராசில் வைத்து எடையைக் கத்திச் சொல்வார். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் கம்ப்யூட்டரில் அடிப்பேன். ஒரே அறையில் வைத்துத் தொலைத்தால் என்ன? வைக்க முடியாது. கம்ப்யூட்டர் குபேர மூலையில் இருக்க வேண்டும், தராசு தென்கிழக்கில் இருக்க வேண்டும் என்று வாஸ்துக்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

முதலில் இரண்டையும் ஒயரால் இணைப்பதாகத்தான் இருந்தது. சுவரில் ஓட்டை போடச் சொன்னால் கொத்தனார் பூனை நுழையும் அளவுக்கு இடித்துவிட்டுப் போனார். ஒயர் வருவதற்குள் முதலாளிக்கு மனசு மாறிவிட்டது. பெங்களூரிலிருந்து இரண்டு கறுப்புப் பெட்டிகள் வந்து இறங்கின. ஒன்று தராசின் முதுகில், மற்றது கம்ப்யூட்டரின் முதுகில். எடை காற்றிலேயே வந்து திரையில் விழுமாம்.

"இன்னும் ரெண்டு வருஷத்துல புளூடூத்னு ஒண்ணு வருதாம்மா, பேப்பர்ல போட்டிருக்கான். நாம அதுக்கு முந்திக்கணும், அல்வா?" என்று கன்னடத்தில் 'இல்லையா' போட்டுக் கேட்டார் முதலாளி. "வெள்ளிக்கிழமை ஏற்றுமதி கம்பெனி செந்தில்நாதன் சார் பாக்க வரார். எடை தானா வந்து விழுந்தா நீ பர்மனென்ட். விழலையா, மறுநாள்லேர்ந்து வராதே."

இந்த வேலை போனால் மைசூரில் எனக்கு என்ன இருக்கிறது? கொள்ளேகால் பஸ் ஏற வேண்டும். அங்கே அப்பா ஒரு டிராக்டர்காரனைப் பார்த்து வைத்திருந்தார். போனதும் கழுத்தை நீட்ட வேண்டியதுதான்.

பெட்டிகளைச் செருகிய அன்று திரையில் சிரிக்கிற மூஞ்சிகளும் சீட்டுக்கட்டு ஆட்டினுமாக வந்து கொட்டின. "வருது, வருது!" என்று முதலாளி கைதட்டினார். வந்தது எடை இல்லை, குப்பை. தராசு பேசும் வேகம் வேறு, கம்ப்யூட்டர் கேட்கும் வேகம் வேறு. பெட்டிகளோடு வந்த புத்தகத்தைப் புரட்டி இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்தேன். தராசைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேஜை பக்கத்தில் வைத்தால் எடை அழகாக விழுந்தது. திரும்ப அதன் இடத்தில் வைத்தால் ஒன்றும் இல்லை. நடுவே நின்றது மகாராஜா காலத்துச் சுவர்.

"மேஜையைக் கதவுப் பக்கம் நகர்த்திக்கட்டுமா சார்?"

"குபேர மூலையை விட்டா? நல்லாயிருக்கு!"

"அப்போ ஒயராவது…"

"ஒயர்ங்கற பேச்சே வரக்கூடாது."

வியாழக்கிழமை சாயங்காலம் அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமே படாமல் அழுதேன். அந்தப் பக்கத்திலிருந்து ராமக்காள் குனிந்து பார்த்தார்.

"ஏங்கண்ணு, இதுக்குப் போயி ஆராச்சும் அழுவாங்களா? எங்கய்யன் மாட்டுத் தரகுங்கண்ணு. சந்தையில துண்டுக்கடியில வெரலப் புடிச்சே வெலயப் பேசி முடிச்சுருவாரு. பக்கத்துல நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. மாட்டு வெலயே சொல்லலாமுன்னா பத்திக்கட்டு எடயச் சொல்ல முடியாதா? கையக் குடு இப்புடி."

ஓட்டை வழியாகக் கையை நீட்டினேன். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு. ஐந்துக்கு மேலே என்றால் முதலில் உள்ளங்கையில் ஒரு அமுக்கு, பிறகு மிச்சத்துக்கு விரல். புள்ளிக்கு ஒரு கிள்ளு. அக்கா கிள்ளிய கிள்ளில் என் கை சிவந்துபோயிற்று. ஆனால் குடோன் பூட்டுவதற்குள் எனக்குப் பாடம் ஏறிவிட்டது.

மறுநாள் செந்தில்நாதன் சார் பெட்டியும் டையுமாக வந்தார். நான் என் கீபோர்டைத் துணி உறையால் மூடி, உறைக்கு அடியில் வலது கையை வைத்திருந்தேன். இடது கை மேஜைக்குக் கீழே, ஓட்டைக்குள். அந்தப் பக்கம் ராமக்காள் ஓட்டைக்கு முன்னால் கட்டுகளை அடுக்கி, அந்த மறைவில் கையை விட்டிருந்தார். முதலாளி குனிந்து கம்ப்யூட்டரின் முதுகைக் காட்டி, "பாத்துக்கோங்க சார், கறுப்புப் பெட்டி மட்டும்தான். தராசுக்குப் போற ஒயர் இருக்கா?" என்றார். இல்லைதான். என் கைதான் போயிருந்தது.

கட்டுகள் ஏறின, எடைகள் விழுந்தன. செந்தில்நாதன் சாருக்கு நம்பிக்கை வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் போய்த் தராசில் தன் பெட்டியை வைத்தார். விழுந்தது. கடைசியில் தானே தராசில் ஏறி நின்றார். ராமக்காள் ஒரு அமுக்கு, இரண்டு விரல். ஒரு அமுக்கு, மூன்று விரல். "எழுபத்தெட்டு!" என்று முதலாளி திரையைப் பார்த்துக் கூவினார். சரிதான் என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. முதலாளியின் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நானும் மனசுக்குள் டிராக்டர்காரனை வழியனுப்பி வைத்தேன்.

செந்தில்நாதன் சார் திரும்பி வந்து முதலாளியின் கையைக் குலுக்கினார். "பிரமாதம் சார். ஆள் தொடாம எடை தானா ஏறுது. அப்புறம் இந்தப் பொண்ணுக்கு இங்க என்ன வேலை?"

முதலாளி என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அதானே! ஏம்மா மோகனப்ரியா, நீ நாளைலேர்ந்து வர வேண்டாம்மா."

"எடை விழுந்தா பர்மனென்ட்னு சொன்னீங்களே சார்!"

"இவ்வளவு நல்லா விழும்னு எனக்கென்ன தெரியும்? ஒழுங்கா விழலைன்னா சும்மா உன்னை உட்கார வெச்சு அடிக்கச் சொல்லியிருப்பேன். நீயே சரி பண்ணிட்டே."

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. யோவ், அது நாங்கள் இரண்டு பேரும் கையால் சொன்ன எடை, உன் பெட்டி வெறும் டப்பா என்று கத்த வாயைத் திறந்தேன். ஓட்டைக்குள் ராமக்காளின் கை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. நான் சொன்னால் எனக்கு முன்னால் வெளியே போகிறவர் அவர். வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு புருஷன், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். வாயை மூடிக்கொண்டேன்.

டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன். ஆட்டோக்களுக்கு நடுவே ராமக்காள் பின்னாலேயே ஓடி வந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"கண்ணு, நாளைக்கு மொதலாளி கம்ப்யூட்டர் முன்னால ஒக்காந்து பாத்துக்கிட்டே இருப்பாரு. கட்டும் வந்துரும்," என்றார். "நான் எடய ஆரு கையில சொல்றது?"