மேற்கே சாய்ந்த கட்டடம்

பர்மாவில், தாமுவே சந்தைக்குப் பின்னாலுள்ள ஐந்து மாடிக் கட்டடம் தேர்தலுக்குத் தேர்தல் சாயும். குடியிருப்பவர்கள் ராணுவத்தின் பச்சைக் கட்சிக்கு ஓட்டுப் போட்டிருந்தால் கிழக்கே; அதை எதிர்க்கும் சிவப்புக் கட்சிக்குப் போட்டிருந்தால் மேற்கே. கட்சிக்காரர்கள் தூக்குக்குண்டோடு வந்து அளந்து பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார்கள். வார்டு எந்தப் பக்கம் என்பதை அதை வைத்துத்தான் ஊரே பேசும்.

2010இல் அது கிழக்கே சாய்ந்தது. மூன்றாம் மாடி செசிலியாவின் கணவன் டேவிட் அலோன் துறைமுகக் கிடங்கில் குமாஸ்தா. குடியுரிமை அட்டை கைக்கு வரட்டும் என்று அந்த வருஷம் அவனும் பச்சைக்குத்தான் போட்டான். மற்ற மாடிகளிலும் ஆளுக்கொரு பயம் இருந்தது. 2015இல் மேற்கே திரும்பியபோது படிக்கட்டில் கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது, அவ்வளவுதான். 2020இல் இன்னும் சற்று மேற்கே போயிற்று. சில மாதங்களில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, அந்தத் தேர்தலே செல்லாது என்று அறிவித்தது. கட்டடம் நிமிரவில்லை. சிப்பாய்கள் மேற்குச் சுவருக்கு முட்டுக்கொடுத்தார்கள், முட்டுமரங்கள் முறிந்தன. ராணுவத்தை எதிர்த்துப் பால்கனியில் நின்று தட்டு தட்டிய செசிலியாவின் மகன் ஜெரால்டைப் படிக்கட்டு வழியாக இழுத்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து அவள் ஊரைச் சுற்றும் வட்ட ரயிலேறி இன்சீன் சிறைக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகிறாள். நிலநடுக்கத்தில் அக்கம்பக்கத்துச் சுவர்கள் விரிசல் விட்டபோதும் அவர்கள் கட்டடம் அசையவில்லை.

அப்புறம் அதே ராணுவம் மறுபடி தேர்தல் வைத்தது. சிவப்புக் கட்சியைக் கலைத்தாயிற்று; ஓட்டு இயந்திரத்தில் அதற்குப் பொத்தானே கிடையாது. கீழே போன் கடை வைத்துக்கொண்டு பச்சைக் கட்சிக்காக ஓடியாடும் குழந்தைவேலு மாடியேறி வந்தான்.

"அக்கா, இந்த ஒரு தடவை பச்சைக்கு அழுத்துங்க. கட்டடம் கிழக்கே சாஞ்சா, பொதுமன்னிப்புல நம்ம ஜெரால்டை விட்டுருவாங்க. வார்டு ஆபீசரே வாய்விட்டுச் சொன்னாரு."

"நம்ம ஜெரால்டா? அவனை இழுத்துட்டுப் போறப்ப ஷட்டரை இறக்கினவன்தானேடா நீ?"

ஆனாலும் ஓட்டு நாளன்று செசிலியா போனாள். பச்சையை அழுத்தினாள். திரும்பி வந்து டேவிட்டிடம், "அழுத்திட்டேன். இந்தக் கையால சோறு பிசையவே அருவருப்பா இருக்கு" என்றாள். டேவிட் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான், அவள் உதறினாள். இரண்டாம் மாடி பர்கத்துல்லா கடை லைசென்சுக்காக அழுத்தியிருந்தார். கட்டடத்தில் ஓர் ஓட்டுகூடப் பச்சையை விட்டு விலகவில்லை.

மறுநாள் காலை வார்டு ஆபீசர் கிழக்குப் பக்கம் நாற்காலி போடச் சொல்லி, பூமாலையோடு உட்கார்ந்தார். கட்டடம் முனகியது. பிறகு மேற்கே, முன்னெப்போதும் இல்லாத அளவுக்குச் சாய்ந்தது. மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் மேற்குத் தெருவில் கொட்டியது. அடுப்புகளிலிருந்து பாத்திரங்கள் வழுக்கின.

"டோ செசிலியா, ஏமாற்றிவிட்டீர்கள்!" என்று, 'டோ' என்ற மரியாதை அடைமொழி மாறாமல், பர்மிய மொழியில் கத்தினார் ஆபீசர்.

செசிலியா பால்கனிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி தமிழிலேயே திருப்பிக் கத்தினாள்: "வேலு, அந்த ஆள்கிட்ட சொல்லு! விரலைக் கேட்டாரு, விரல் அழுத்திடுச்சு. கட்டடம் மேல கோபம்னா அதையும் பிடிச்சு ஜெயில்ல போடட்டும். என் புள்ள எங்கேன்னு கேளுடா!"

குழந்தைவேலு மொழிபெயர்க்கவில்லை. ஆபீசரும் நிற்கவில்லை.

பொதுமன்னிப்பு வந்தது, ஜெரால்ட் அதில் இல்லை. அடுத்த முறை இன்சீனில் கம்பி வலைக்கு அப்பாலிருந்து அவன் கேட்டான்: "எந்தப் பக்கம்மா?"

"மேற்கேதான். முன்னைவிட ஜாஸ்தி."

பிடித்துக்கொண்டுபோன நாளிலிருந்து முதல் முறையாக ஜெரால்ட் வாய்விட்டுச் சிரித்தான். காவலன் அதட்டியும் நிறுத்தவில்லை.

செசிலியா வீட்டுக்கு வந்ததும், மகன் கட்டிலின் மேற்குக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தாள். படுத்துப் பார்த்தாள். உருளவில்லை. அடுத்த சாய்வுக்கென்று காலுக்கு இன்னும் ஒரு செங்கல் வைத்துவிட்டு, புது விரிப்பு விரித்தாள்.