ராக்கன்ஷா வீவர்ஸும் பதினோரு மீசைகளும்

நான் சொல்லப்போவது அத்தனையும் உண்மை. ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவும் இல்லை. எங்கள் ஊர் மெதடிஸ்ட் கோயிலின் பெரிய பைபிள்மேல் கை வைத்துச் சத்தியம் செய்யத் தயார். அந்தப் பைபிள் இருக்கும் பக்கமே நான் தலைகாட்டக் கூடாது என்று போதகர் சொல்லிவிட்டதால், எதிரே உள்ள பிளாக் ராம் மதுக்கடையில் உட்கார்ந்தபடி, சன்னல் வழியாகக் கையை அந்தத் திசையில் நீட்டிச் சத்தியம் செய்கிறேன்.

ராக்கன்ஷா வீவர்ஸ் கால்பந்துச் சங்கம் 1878-ல் பிறந்தது. லங்காஷயர் முழுக்க அப்போது தெருவுக்கு ஒரு சங்கம் முளைத்துக்கொண்டிருந்த காலம். எங்கள் பதினோரு பேரும் பில்லிங்டன் மில்லில் தறி ஓட்டுகிறவர்கள். சனிக்கிழமை ஒரு மணிக்குத் தறி நிற்கும். ஒன்றேகாலுக்கு மில்லுக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் நிற்போம். இரண்டே முக்காலுக்குத் தோற்றிருப்போம். முதல் மூன்று வருடம் எங்களைத் தோற்கடிக்காதவர்கள், எங்களோடு விளையாடாதவர்கள் மட்டும்தான்.

எங்களை நிமிர்த்தியவள் கெசியா ஆர்மராட். நாலு தறிக்காரி. ஒரே நேரத்தில் நாலு தறியையும் மூன்று சண்டையையும் நடத்தக்கூடியவள். அவளுடைய தறிகள் மில்லின் கடைசி வரிசையில் இருந்தன. அங்கே ஒரு சன்னல். அந்தச் சன்னலுக்கு வெளியே எங்கள் மைதானம். பத்து வயதில் மில்லுக்குள் வந்தவள். காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை அவள் கண்ணில் படும் ஒரே பச்சை அந்தப் புல்தான். மழை அதன்மேல் விழுவதைப் பார்ப்பாள், பனி உருகுவதைப் பார்ப்பாள். முட்டாள்கள் பதினோரு பேர் அதில் உருளுவதையும் பார்ப்பாள்.

நானூறு தறி ஒரே கூரைக்குள் ஓடினால் எப்படியிருக்கும் என்று தறிக்காரனுக்குத்தான் தெரியும். ஒருமுறை கொதிகலன் வெடித்தது. சாப்பாட்டு வேளையில் டீக்கு வெந்நீர் வராதபோதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. அந்த இரைச்சலில் குரலால் பேச முடியாது. அதனால் உதட்டால் பேசுவோம். சத்தமே வராது. வாயை நன்றாக விரித்து, சுழித்து, ஒவ்வொரு சொல்லையும் முகத்தில் எழுதிக் காட்டுவோம். கடைக்கோடி வரிசையில் நிற்பவனோடு கல்யாணம் பேசி முடித்தவர்கள் உண்டு. எங்கள் கோல்காப்பாளன் ஒபதியா கிராப்ட்ரீ இதில் மன்னன். வெயில் நாளில் எதிர் மலையில் மேய்ப்பன் ஆட்டைத் திட்டுவதை இங்கிருந்தே வாசித்துச் சொல்வான். ஆடு என்ன பதில் சொன்னது என்றும் சொல்வான். அதை நான் நம்புவதில்லை.

1881-ல் ஒரு சனிக்கிழமை. போதகர்களாகப் படிக்கிற பையன்களிடம் ஆறு கோல் வாங்கிக்கொண்டிருந்தோம். கெசியா எங்களுக்காக ஓட்ஸ் ரொட்டிக் கூடையோடு எல்லைக்கோட்டில் நின்றாள். பொறுக்க முடியவில்லை. எங்கள் தலைவன் லேபன் டக்வொர்த்தைப் பார்த்து, எழுபது கெஜம் தள்ளி, உதட்டால் சொன்னாள்:

"டேய் எருமை, இடது பக்கம் ஜெத்ரோ சும்மா நிக்கிறான், தெரியலயா?"

லேபன் பந்தை இடது பக்கம் தட்டினான். ஜெத்ரோ என்பது நான். கோல் போட்டேன். போதக மாணவர்கள் ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் புரியவில்லை. அந்த நிமிடத்தில் எங்கள் சங்கம் இரண்டாவது முறை பிறந்தது.

அதன்பின் இரண்டு வருடம் நாங்கள் தோற்கவே இல்லை. மற்ற அணிகள் "இங்க, இங்க" என்று கத்தும். கத்துகிறவன் எங்கே நிற்கிறான் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். நாங்கள் சவ ஊர்வலம் போல மௌனமாக விளையாடினோம். பந்து மட்டும் ஆளுக்கு ஆள் போய்க்கொண்டே இருக்கும். கெசியா கோட்டோரம் நடந்தபடி, எவன் காலியாக நிற்கிறான், எவன் மூச்சு வாங்குகிறான் என்று உதட்டால் சொல்லிக்கொண்டே வருவாள். ஒரு எதிரணித் தலைவன் நடுவரிடம் புகாரே செய்தான்.

"இவனுங்க ஆட்டம் பூரா ஜெபம் பண்றானுங்க ஐயா. வெளியாள் உதவி வாங்குறது தப்பில்லையா?"

நடுவர் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "கடவுள் கோட்டுக்கு உள்ளயும் இருக்காரேப்பா" என்று சொல்லிப் புகாரைத் தள்ளிவிட்டார்.

1883-ல் பள்ளத்தாக்குக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். அப்போது முதலாளி பில்லிங்டன் எங்களைக் கூப்பிட்டார். புதுத் தறிக்கூடம் கட்ட அவருக்கு இடம் வேண்டியிருந்தது. எங்கள் மைதானத்தில் முளைக்குச்சி அடித்துக் கயிறும் கட்டியாகிவிட்டது. ஆனால் இறுதி ஆட்டத்தில் எங்களுக்கு எதிரணியான ஹாஸ்கில்டன் குவாரியின் முதலாளி வீட்டு மாடத்தில், போன வருடம் ஜெயித்த அந்த வெள்ளிக் கோப்பை இருந்தது. அது இவருடைய சாப்பாட்டை இறங்கவிடாமல் செய்துகொண்டிருந்தது.

"கோப்பையைக் கொண்டாந்து என் மாடத்துல வைங்க. கயித்தை அவுத்துடறேன். மைதானம் என்னைக்கும் உங்களுது. தோத்தீங்கன்னா திங்கக்கிழமை அஸ்திவாரம்."

கெசியா பின்னால் நின்றாள். மறுநாள் தறியில் நின்று சன்னலுக்கு வெளியே அந்தக் கயிற்றைப் பார்த்தாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி உதட்டை அசைத்தாள்.

"எனக்கு அந்தப் புல்லு வேணும்டா."

அவ்வளவுதான் சொன்னாள். பதினோரு பேரும் வாசித்தோம்.

ஜெயித்தே தீருவோம். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. கெடுத்தது மீசை.

பனி கொட்டியதால் இறுதி ஆட்டம் ஐந்து வாரம் தள்ளிப்போனது. அந்த இடைவெளியில் லேபன் ஒரு பத்திரிகைப் படத்தைக் கொண்டுவந்தான். ஏதோ பெரிய ஊரின் வெற்றி அணி, வரிசையாக மீசை.

"பாருங்கப்பா. ஜெயிக்கிறவன் ஒருத்தனுக்காவது மொட்டை மூஞ்சி இருக்கா? ஆட்டத்தன்னைக்குப் போட்டோக்காரர் வர்றார். நூறு வருஷம் சுவத்துல தொங்கப்போற படம்."

வளர்த்தோம். என் மீசையைப் பற்றி நானே சொல்வது அழகல்ல; ஆனாலும் உண்மை பேசச் சத்தியம் செய்திருக்கிறேன். செம்பட்டை நிறம். இரு முனையையும் காதுக்குப் பின்னால் முடிச்சுப் போடலாம். தூறல் விழுந்தால் அதன் கீழே பக்கத்து வீட்டுப் பூனை வந்து ஒதுங்கும்.

அந்த ஐந்து வாரமும் மில்லில் ஒரு சண்டை இல்லை, ஒரு வம்பு இல்லை. எல்லோரும் ஆட்டத்தை நினைத்து அடக்கமாக இருக்கிறோம் என்று பெருமைப்பட்டோம். உண்மையில் எவன் பேசுவதும் எவனுக்கும் தெரியவில்லை. கெசியாவுக்குத்தான் புரிந்தது.

"சிரைச்சிட்டு வாங்கடா. உங்க வாய் எங்க இருக்குன்னே தெரியல."

"படம் புடிச்சதும் எடுத்துடறோம்க்கா. ஒரு நிமிஷ வேலை" என்றான் லேபன்.

ஆட்ட நாள். எங்கள் மைதானத்திலேயே. போட்டோக்காரர் வரத் தாமதமானார். படம் எடுத்து முடித்த அதே நிமிடம் ஆட்டம் தொடங்கிவிட்டது. முதலாளி தன் விருந்தாளிகளை எல்லைக்கோட்டோரம் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார். சீமாட்டிகளின் தொப்பிகளில் ஒரு முழுக் கோழிப்பண்ணையின் இறகு. கெசியாவை அதற்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். அவள் குதித்தபோதெல்லாம் அவளுடைய நெற்றி மட்டும் தெரிந்தது. நெற்றியை வாசிக்க ஒபதியாவாலும் முடியாது.

முக்கால் மணி நேரம் நாங்கள் ஒருவருக்கொருவர் மீசையை ஆட்டிக்கொண்டிருந்தோம். ஹாஸ்கில்டன் குவாரிக்காரர்கள் மூன்று கோல் போட்டார்கள்.

இடைவேளையில் கெசியா தொப்பிகளைப் பிளந்துகொண்டு வந்தாள். இடுப்பில் தொங்கிய நூல் கத்தரி கையில் இருந்தது.

"வரிசையா உட்காருங்க. மூஞ்சிய ஆட்டினா மூக்கு போகும், சொல்லிட்டேன்."

"அக்கா, காது, காது!"

"காது எதுக்குடா உனக்கு? சொன்னதைக் கேக்கவா போற?"

ஐந்தே நிமிடம். பத்து மீசையை வெட்டினாள். சேற்றில் விழுந்த முடியைப் பார்த்தால் ஏதோ நாய்ச்சண்டை நடந்த இடம் போல இருந்தது. பதினோராவது மீசை கரிக் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. என்னால் முடியவில்லை, ஐயா. பூனையை நினைத்துப் பார்த்தேன்.

இரண்டாம் பாதியில் என் தோழர்கள் பத்துப் பேர் விளையாடியதைப் போல அதற்கு முன் யாரும் விளையாடியதில்லை. முகத்தில் திட்டுத்திட்டாக முடி, மூன்று பேர் உதட்டில் ரத்தம். ஆனால் உதடு தெரிந்தது. பந்து தறியில் நாடாக்கட்டை ஓடுவதுபோல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. ஒபதியா தன் கோல் வாசலிலிருந்தே எதிரிகளின் அடுத்த யோசனையை வாசித்துச் சொன்னான். ஒன்று. இரண்டு. மூன்று. சீமாட்டிகளே நாற்காலிமேல் ஏறி நின்றுவிட்டார்கள்.

கடைசி நிமிடம். மூன்றுக்கு மூன்று. லேபனிடம் பந்து. நான் இடது பக்கம், என் முன்னே திறந்த கோல், காப்பாளன் சறுக்கி விழுந்து கிடக்கிறான். லேபன் என்னைப் பார்த்தான். நான் உதட்டால் சொன்னேன்: "எனக்கு, லேபன், எனக்கு!"

ஏன் வாயைத் திறந்து கத்தவில்லை என்று கேட்பீர்கள். நாற்பது வருடமாக நானும் அதைத்தான் கேட்கிறேன். அந்த மைதானத்தில் குரலால் பேசும் பழக்கமே எனக்கு இல்லை. தோன்றவே இல்லை.

லேபன் கண்டது ஒரு மீசையை. நான் ஏதோ வேண்டாம் என்கிறேன் என்று நினைத்து வலது பக்கம் திரும்பினான். குவாரிக்காரன் ஒருவன் பந்தைப் பறித்தான். அதன்பின் நடந்ததைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நாலுக்கு மூன்று.

யாரும் என்னைத் திட்டவில்லை. கெசியா நேரே என்னிடம் வந்தாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உதட்டால் அல்ல, குரலால் சொன்னாள்:

"மீசை நல்லாத்தான் இருக்கு, ஜெத்ரோ."

அன்று மாலையே சிரைத்துவிட்டேன். அதன்பின் வளர்த்ததில்லை.

திங்கட்கிழமை கடப்பாரை விழுந்தது. மைதானம் போனது, மைதானம் இல்லாத சங்கமும் அந்தக் கோடையிலேயே போனது. இலையுதிர் காலத்துக்குள் புதுக் கூடம் எழும்பிவிட்டது. கெசியாவின் சன்னலுக்கு எட்டடி தள்ளி, சிவப்புச் செங்கல் சுவர்.

கூடம் திறந்த வாரம், சாப்பாட்டு வேளையில், கெசியா ஏணியும் சுண்ணாம்பு வாளியும் தூக்கிக்கொண்டு வந்தாள். தன் சன்னலுக்கு நேரே அந்தச் சுவரில் இரண்டு கம்பமும் ஒரு குறுக்குக்கட்டையும் வரைந்தாள். சரியான அளவில் ஒரு கோல். முதலாளி ஓடிவந்தார்.

"என்ன பொம்பள இது? யாரைக் கேட்டு என் சுவத்துல கை வச்ச?"

கெசியா ஏணியிலிருந்து திரும்பி, நிதானமாக, உதட்டால் பதில் சொன்னாள். முதலாளிக்கு அது வாசிக்கத் தெரியாது. முற்றத்தில் நின்ற நூற்றுப் பத்துப் பேருக்கும் தெரியும். இரண்டு வாரம் சிரித்தோம். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. போதகர் இதைப் படிக்கக்கூடும்.

பத்தொன்பது வருடம் அந்தக் கோலைப் பார்த்தபடி தறி ஓட்டினாள். ராக்கன்ஷாவுக்கு எதிராக அதற்குள் ஒருவனும் பந்து போட்டதில்லை என்று சொல்வாள். அவள் போனபின், ஒவ்வொரு ஏப்ரலிலும் அதற்குச் சுண்ணாம்பு அடிப்பவன் நான். நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம். கோல் சுவரில் இருக்கிறது. கூடமும் அப்படியே நிற்கிறது.

கூடத்தின் வாசற்கல்லில் அதைக் கட்டி முடித்த வருடம் செதுக்கியிருக்கிறது: 1869. எங்கள் சங்கம் பிறப்பதற்கு ஒன்பது வருடம் முன்பே என்கிறது கல்; ஆனால் பைபிள் பக்கம் கை நீட்டிச் சத்தியம் செய்தவன் நான், கல் இல்லை.