பூசையில் வைத்த பிளாப்பி

கணேஷ்ராமுக்கு இரண்டு மாதமாக ஒரே யோசனை. விண்டோஸ் 95-க்கு மாறினால் தன்னுடைய கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய கார்ப் பந்தய விளையாட்டு அதில் ஓடுமா, ஓடாதா? பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வணிகவியல் வாத்தியார். வயது நாற்பத்திரண்டு. மனுஷனுக்கு வேறு கவலையே கிடைக்கவில்லை.

கம்ப்யூட்டர் வாங்கும்போது வீட்டில் சொன்னது வேறு. முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு என்றார். மூன்று வருஷத்தில் எழுதியது ஒரே ஒரு பக்கம், அதிலும் பாதி நன்றியுரை. மற்ற நேரமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு கார் ஓட்டினார். மனைவி மதுமதி காபியோடு வந்தால் தட்டுவதற்கென்று அந்த விளையாட்டிலேயே ஒரு பொத்தான் இருந்தது. தட்டினால் திரை முழுக்க எண்களாக நிற்கும். அவளும் சத்தமில்லாமல் டம்ளரை வைத்துவிட்டு, "அப்பா ஆராய்ச்சி எழுதுதாக, கத்தாதிய" என்று பிள்ளைகளை அடக்கிக்கொண்டு போவாள்.

கடைசியில் மாறிவிடுவது என்று துணிந்து, சினேகிதர் அகமது மீரானை வரச்சொன்னார். அவர் காயல்பட்டினத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். துபாயிலிருந்து அவர் தம்பி அனுப்பிய, விண்டோஸ் 95 அடங்கிய பதின்மூன்று பிளாப்பிகளும் பையில் இருந்தன.

"கம்ப்யூட்டர்ல இடம் பத்தாது வே. எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் ஏத்தணும். வேண்டியதை மொதல்ல பிளாப்பியில எடுத்து வச்சிரும்" என்றார் மீரான்.

காபி கொண்டுவந்த மதுமதிக்குப் பகீரென்றது. "ஆராய்ச்சியும் அழிஞ்சிருமா அண்ணே? நல்லவேளை, அதான் பூசையில ஒண்ணு இருக்குல்லா!" என்று உள்ளே ஓடினாள்.

கணேஷ்ராம் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். முதல் வருஷம் சரஸ்வதி பூசைக்கு, பிள்ளைகளின் புத்தகங்களோடு வைக்க அவருடைய ஆராய்ச்சியையும் கேட்டாள். ஒற்றைப் பக்கத்தைக் கொடுக்க வெட்கப்பட்டு, கையில் கிடைத்த பிளாப்பியில் 'ஆராய்ச்சி' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். உள்ளே இருந்தது கார்ப் பந்தயம். மூன்று பூசை ஆயிற்று. மூன்று வருஷச் சந்தனமும் குங்குமமும் அதன் மேல் காய்ந்து கிடந்தன.

மதுமதி கொண்டுவந்து நீட்டியதும், மீரான் அதைக் கம்ப்யூட்டரில் செருகி, உள்ளே இருந்த பெயர்களைத் திரையில் வாசித்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. கணேஷ்ராம் பக்கம் திரும்பவேயில்லை. "எல்லாம் பத்திரமா இருக்கு மதினி" என்று வெளியே எடுத்துக் கொடுத்தார்.

சினேகிதர் தனக்காகப் பொய் சொல்ல வேண்டி வந்ததைக்கூடக் கணேஷ்ராம் விழுங்கியிருப்பார். ஆனால் மதுமதி அந்த பிளாப்பியை வாங்கி இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள். அதைப் பார்க்க அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

"மது, அது ஆராய்ச்சி இல்ல."

"பின்னே?"

"கார் வெளையாட்டு. நான் ஒண்ணும் எழுதல. மூணு வருஷமா வெளையாடிக்கிட்டுதான் இருந்தேன்."

கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் முந்தானையை எடுத்து, பிளாப்பியின் மேலிருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் மெதுவாக, ஒரு பொட்டுகூட மிச்சமில்லாமல் துடைத்தாள். துடைத்ததைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தாள். "இது இங்கனயே கெடக்கட்டும்."

மீரான் பதின்மூன்று பிளாப்பிகளையும் பைக்குள் எடுத்துப் போட்டார். அடுத்த அறையில் பிள்ளைகள் வழக்கம்போலக் குசுகுசுவென்று பேசி விளையாடிக்கொண்டிருந்தார்கள். மதுமதி அந்தப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"சத்தம் போட்டே வெளையாடுங்க. அப்பாவும் வெளையாடத்தான் செய்யுதாக."