மேஸ்திரியை விரட்டும் நாள்

வெய்சல் கட்டையை மேசைமேல் கிடத்தி, ஈரத்துணியால் ஒரே இழுப்பாக இழுத்தான். சாம்பல் பூத்துக் கிடந்த அக்ரூட் மரத்தில் கறுப்பு ரேகைகள் எழுந்து வந்தன. தேன் நிறத்தின்மேல் மை கொட்டியதுபோல அடிப்பாகத்தில் ஒரு சுழி. மூன்று மூச்சு விடுவதற்குள் அது உலர்ந்து மங்கிவிடும். அதற்குள் பார்ப்பவன்தான் மரம் பார்ப்பவன், மற்றவன் விறகுக்காரன்.

துப்பாக்கிப் பிடியின் உருவத்தில் வெட்டிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் அச்சை எடுத்துக் கட்டையின்மேல் வைத்தான். ஒரு விரற்கடை மேலே தள்ளினான். சுழி போய்விட்டது. திரும்பக் கீழே இழுத்து, முனையைக் கொஞ்சம் சாய்த்தான். இப்போது சுழி தோளில் பதியும் பகுதியில் வந்து உட்கார்ந்தது. கை பிடிக்கும் இடத்தில், அங்கே எல்லோரும் கழுத்து என்று சொல்லும் இடத்தில், நார் ஆற்று நீர்போல நீளவாக்கில் ஓடியது. அழகெல்லாம் தோளில் இருக்கலாம், கழுத்தில் நார் குறுக்கே போனால் சுடுகிற அன்றைக்கு முறிந்துவிடும். பென்சிலால் அச்சைச் சுற்றி வரைந்து, சுண்ணக்கட்டியால் மூலையில் நான்கு என்று எழுதினான். ஐந்துதான் உச்சம். வருஷத்துக்கு இருபது கட்டையில் ஐந்து என்று எழுதினால் அதிகம்.

துருக்கியில் மராஷ் நகரத்துக்கு வெளியே, தொழிற்பேட்டையின் கடைசியில் இருந்த ஜெவ்தெத் முதலாளியின் மர மில்லில் அவன் இருபத்திரண்டு வருஷமாக இதைச் செய்துவந்தான். ஓய்வூதியத்துக்கு இன்னும் பதினாலு மாதம் பாக்கி. அந்தப் பதினாலு மாதத்தை எந்த வம்புமில்லாமல் தள்ளிவிட வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு லட்சியம் கிடையாது.

வம்பு இல்லாமல் என்றால், கண்ணை மூடிக்கொண்டு என்று அர்த்தம். கழுத்தில் மயிரிழை விரிசல் விட்ட கட்டைகளைக் கத்திப்பிடிக்கு என்று அவன் தனியாக ஒதுக்குவான். முதலாளி சாயங்காலம் வந்து அந்தக் குவியலில் நல்ல சுழி உள்ளவற்றை மட்டும் பொறுக்கி ரம்பக்காரன் மெமிஷிடம் கொடுப்பார். மெமிஷ் தண்ணீர்போன்ற பசையை விரிசலில் சொட்டுச் சொட்டாக விட்டு, அக்ரூட் தூளைத் தேய்த்து, உப்புத்தாள் போடுவான். அப்புறம் அந்தக் கட்டையை மெமிஷைப் பெற்றவளே வந்தாலும் அடையாளம் காண முடியாது. வெய்சல் முதல் தடவை முணுமுணுத்தபோது முதலாளி அவன் தோளில் கைபோட்டு, "கப்பல்ல ஏறி இத்தாலி போய்ச் சேர்றதுக்குள்ள அதுவே ஒட்டிக்கும்டா. மரத்துக்கும் உயிர் இருக்குல்ல" என்று சொன்னார். அதற்குமேல் அவன் முணுமுணுக்கவில்லை.

ஏதாவது ஒரு கட்டை பிடிபடும்போதுதான் மேஸ்திரியை விரட்டும் நாள் வரும். மில்லில் அதற்குப் பெயரே அதுதான். வாங்க வந்தவன் முகத்தைச் சுளித்து, விலையைப் பாதிக்கு இறக்கப் பார்க்கும்போது, முதலாளி தலையிலடித்துக்கொண்டு வெய்சலைக் கூப்பிட்டுக் கத்துவார். வெய்சல் தொப்பியைக் கழற்றுவான். தலையைக் குனிவான். மேலங்கியை ஆணியில் மாட்டிவிட்டு, அவசரப்படாமல், வந்தவன் நன்றாகப் பார்க்கும்படி முற்றத்தைக் கடந்து வெளியே போவான். ஒரு மனுஷனின் பிழைப்பைக் கெடுத்துவிட்டோமே என்று வந்தவன் சங்கடப்படுவான். அந்த நேரம் பார்த்து முதலாளி விலையைச் சொல்வார். வெய்சல் மசூதிக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து சீட்டு ஆடுவான். வந்தவனின் கார் போனதும் மெமிஷ் வந்து கூட்டிப்போவான். அன்று சாயங்காலம் முதலாளி அரைக் கிலோ ஆட்டுக்கறி வாங்கிக் கொடுப்பார்.

இப்படி ஒன்பது தடவை. ஒரு ஜெர்மன்காரி அழுதே விட்டாள். அவனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டால்தான் ஆச்சு என்று பிடிவாதம் பிடித்தாள். முதலாளி அரை மணி நேரம் முரண்டுபிடித்து, அவளுக்காகச் சம்மதித்து, அந்தச் சம்மதத்துக்கும் சேர்த்து விலை ஏற்றினார். கோன்யா ஊர்ப்பக்கத்துத் துப்பாக்கி செய்பவர்களிடம் மட்டும் இந்த வேலை செல்லாது. அவர்கள் பட்டறையிலும் விரட்டுவதற்கென்று ஒருவன் இருந்தான்.

கறிப்பொட்டலத்தைப் பார்த்தாலே வெய்சலின் மனைவி குல்லுவுக்கு விஷயம் புரிந்துவிடும். "இன்னிக்கு எந்த நாட்டுக்காரன் உன்னை வேலையவிட்டுத் துரத்துனான்?" என்பாள்.

பத்தாவது தடவை வந்தவர் பெர்தோலினி என்ற இத்தாலிக்காரர். கூட நாய்க்குட்டிபோல ஒரு தோல்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். டீ வேண்டாம் என்றார். மேசைமேல் பையைத் திறந்து, கழுத்தோடு இரண்டாக முறிந்த ஒரு பிடியை எடுத்து வைத்தார். முறிவின் உள்ளே பசை கண்ணாடிபோலப் பளபளத்தது. முதலாளியின் மகன் தோல்கா, இஸ்தான்புல்லில் வியாபாரம் படித்து வந்தவன், அவர் பேசியதை வரிவரியாகத் தந்தைக்குச் சொன்னான். காட்டுப்பன்றி வேட்டையில் முறிந்ததாம். சுட்டவரின் தாடை கிழிந்து பதினோரு தையல். கிடங்கில் இருந்த மற்றக் கட்டைகளைச் சோதித்ததில் இன்னும் எட்டில் இதே பசை. மூன்று வருஷ ஒப்பந்தத்தோடு வந்திருக்கிறார், இதற்குப் பதில் தெரியாமல் கையெழுத்துப் போடமாட்டார்.

முதலாளி தலையிலடித்துக்கொண்டார். வெய்சல் ஈரத்துணியை வைத்துவிட்டு வந்து, வழக்கம்போல் தொப்பியைக் கழற்றினான்.

"இருவத்திரண்டு வருசம் சோறு போட்டேனே, இதுக்கா?" என்று கத்திய முதலாளி, அவன் எதிர்பாராத நேரத்தில் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். ஒன்பது தடவையில் அது இல்லாத சங்கதி. வெய்சலுக்குக் காது ரீங்கரித்தது. வலிக்கு நடுவிலும், இன்றைக்கு ஆள் நன்றாகத்தான் செய்கிறார் என்று அவனுக்குத் தோன்றியது. இன்னும் கொஞ்சம் தலையைக் குனிந்தான்.

இத்தாலிக்காரர் முகம் மாறவில்லை. ஏதோ சொன்னார். தோல்கா தந்தையைப் பார்த்தான். இருவரும் அலுவலக அறைக்குப் போனார்கள். பிறகு வெய்சலையும் கூப்பிட்டார்கள். மேசையில் அச்சடித்த தாள் ஒன்று, இன்னும் சூடாக இருந்தது.

"எழுத்துல வேணுங்கறான் சித்தப்பா" என்றான் தோல்கா. உறவில்லாவிட்டாலும் மேஸ்திரியை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். குரலில் அவசரமே இல்லை. "நாங்க சொல்லாம நீங்களா பசை போட்டு ஒளிச்சீங்க, அவ்வளவுதான். கூட ரெண்டு கட்டைய வெளிய வித்ததாவும் ஒரு வரி இருக்கு. அது இருந்தாத்தான் நம்புவான்."

"வித்ததுமா தம்பி?"

"மூணு வருச ஒப்பந்தம் மேஸ்திரி" என்றார் முதலாளி. அறைந்த கையை மற்றக் கையால் தடவிக்கொண்டிருந்தார். "கறி இந்தத் தடவை ரெண்டு கிலோ. போடு."

வெய்சல் சிரித்தான். கன்னம் வலித்தது. கையெழுத்துப் போட்டான். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் இத்தாலிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்காகப் பேனாவைக் கொஞ்சம் நடுங்கவும் விட்டான்.

டீக்கடையில் அன்று நான்கு ஆட்டம் ஜெயித்தான். இத்தாலிக்காரரின் கார் போவதை அங்கிருந்தே பார்த்தான். மெமிஷ் வரவில்லை. விருந்துக்கு எங்காவது கூட்டிப்போயிருப்பார்கள், திரும்பவும் வருவார் என்று இன்னொரு டீ சொன்னான். ரம்பங்கள் நின்றன. ஆட்கள் கலைந்து போனார்கள். மெமிஷ் டீக்கடை இருந்த தெருவை விட்டு அடுத்த தெரு வழியாகப் போனதை அவன் பார்த்தான்.

மறுநாள் காலை காவல்காரன் கதவைத் திறக்கவில்லை. தோல்கா வெளியே வந்தான், அவனது மேலங்கியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு.

"உள்ள வரவேணாம் சித்தப்பா. அந்தாளு பாதி பங்குக்குப் பணம் போடறான். இனிமே மாசத்துக்கு ஒருதடவை வருவான். உங்க மூஞ்சி அவனுக்கு மனப்பாடம்."

"அது நாடகம்தானேப்பா. உங்கப்பாவக் கூப்பிடு."

"நாடகம்னு நீங்க நெனச்சீங்க. நான் நெசமாத்தானே கையெழுத்து வாங்குனேன்." அவன் மேலங்கியை நீட்டினான். "இஸ்திரி போட்டிருக்கு."

அரசு இன்சூரன்ஸ் ஏட்டில் அவன் வேலையைவிட்டு நின்ற காரணத்துக்கு ஒரு எண் போட்டிருந்தார்கள். டீக்கடைக்காரனின் மகள் போனில் பார்த்துச் சொன்னாள். நம்பிக்கைக்குத் துரோகம் செய்தவர்களுக்கு, திருடியவர்களுக்குப் போடும் எண் அது. அந்த எண் விழுந்தால் இருபத்திரண்டு வருஷத்துக்கான பணிக்கொடை கிடையாது. வேலையில்லாதவர்களுக்குத் தரும் உதவியும் கிடையாது. வக்கீல் தாளின் நகலைப் படித்துவிட்டு, எழுதப்படிக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றான். அதுதான் சிக்கல் என்றார். மில்லில் யாராவது உனக்காகச் சாட்சி சொல்வார்களா என்றும் கேட்டார். வெய்சல் மெமிஷின் வீட்டுக்குப் போனான். மெமிஷ் வாசலிலேயே நின்று, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, தன் மூன்று பெண்களின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னான். பிறகு கதவைச் சாத்திக்கொண்டான்.

பேட்டையில் இன்னும் இரண்டு மர மில்கள் இருந்தன. முதலாவதில் ஏட்டைப் பார்த்து வேண்டாம் என்றார்கள். இரண்டாவது மில்காரருக்கு ஏடு பார்க்கத் தேவையிருக்கவில்லை. மேஸ்திரியை விரட்டுவதைப் பற்றி அவருக்கும் தெரியும், ஒன்பது தடவையும் சிரித்தவர்தான். "நெசமாவே விரட்டிட்டானா" என்று ரொம்ப நேரம் ஆச்சரியப்பட்டார். ஜெவ்தெத்தின் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து நாக்கைச் சொடுக்கிக்கொண்டார். டீ கொடுத்து அனுப்பினார்.

பதினாலு மாதம் அப்படியே பதினாலு மாதமாக நின்றது. குல்லு மிளகாய்த் தொழிற்சாலைக்குக் காம்பு கிள்ளப் போனாள். கை எரிய எரிய வீட்டுக்கு வந்து, ஒரு நாளாவது அவனை ஏதாவது சொல்லியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

மூன்றாவது மாதம் முதலாளி ஆள் விட்டார். இத்தாலிக்குக் கண்டெய்னர் ஏற்ற வேண்டும், இரண்டு நாள் வேலை, நாள்கூலி, ஏட்டில் ஏறாது. குல்லு அடுப்பைப் பார்த்தபடி, "போயிட்டு வா" என்றாள்.

முதலாளி அவனை அணைத்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, இளைத்துவிட்டதாகக் கவலைப்பட்டார். ஏற்ற வேண்டிய கட்டைகள் பெரும்பாலும் அவன் அந்தத் துரத்தலுக்குமுன் பொறுக்கியவை. மூலைகளில் அவன் எழுதிய எண்கள் இருந்தன. இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய பெட்டிகளை அவன் ஒருவனே தூக்கினான். மத்தியானம் வாக்கில் காவல்காரன் ஓடிவந்தான். இத்தாலிக்காரர், சொல்லாமல் கொள்ளாமல்.

முதலாளி வெய்சலின் முழங்கையைப் பிடித்து ரம்பக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போனார். ரம்பத்திலிருந்து குழாய் வழியாக மரத்தூள் வந்து கொட்டும் அறை அது. ஜன்னல் கிடையாது. "ஒரு பத்து நிமிசம். என் மானம் உன் கையிலதான்டா இருக்கு" என்று சொல்லி வெளியே தாழ்ப்பாள் போட்டார். வெய்சல் முழங்கால்வரை தூளில் நின்றான். பலகைச் சுவரின் இடுக்கில் வெளிச்சம் கோடாக வந்தது. அதற்கு அப்பால்தான் ரகம் பிரிக்கும் மேசை.

காலடிகள் வந்தன. ஈரத்துணி மரத்தின்மேல் இழுபடும் சத்தம் கேட்டது. இத்தாலிக்காரர் மெதுவாக ஏதோ சொன்னார், கோயிலில் பேசுவதுபோல.

"கழுத்து நார் இவ்ளோ நேரா விழுற மாதிரி அச்ச வச்சது யாருன்னு கேக்கறாருப்பா" என்றது தோல்காவின் குரல்.

"நீதான்னு சொல்லு."

தோல்கா சொன்னான். இத்தாலிக்காரர் சிரித்தார். யாரோ யார் தோளையோ தட்டினார்கள். பிறகு அவர் தன் பணத்தில் வந்த புது ரம்பம் ஓடுவதைப் பார்க்க ஆசைப்பட்டிருக்க வேண்டும். முதலாளி மெமிஷைக் கூப்பிட்டு, "ஓட்டிக் காட்டுடா" என்றார். மெமிஷ் உடனே ஓட்டவில்லை. முதலாளி இன்னொரு முறை சொன்னார். ரம்பம் உறுமியது.

வெய்சலின் தலைக்குமேல் குழாய் ஒருமுறை இருமிவிட்டுத் தூளைக் கொட்டத் தொடங்கியது. அவன் தொப்பியைக் கழற்றி வாயிலும் மூக்கிலும் அழுத்திக்கொண்டான். தொண்டைக்குள் இருமல் ஏறி ஏறி வந்தது. அதை விழுங்கினான். இடுக்கு வெளிச்சத்தில் தூள் பொன்னாகப் பறந்தது. அவன் தலையிலும் இமையிலும் தோளிலும் படிந்து, இடுப்புவரை ஏறியது. சுவருக்கு அந்தப்பக்கம் டீ கொண்டுவரச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.