ஐம்பத்து மூவர் குடியிருந்த ஓரறை

ஞாயிறு முழுதும் எழாத, இருளென்றும் ஒளியென்றும் பெயரிட இயலாத இளங்காலைப் பொழுதில், ஆற்றிலிருந்து கிளம்பிய மூடுபனி பாலத்தைக் கடந்து, பூட்டிய கடைகளின் படிகளைத் தடவி, தெருவிளக்குகளை மங்கிய மஞ்சட் பொட்டுகளாக்கி, குறுகிய தெருக்களுக்குள் மெல்ல நுழைந்துகொண்டிருந்தது. சுவர்கள் கரைந்து, கூரைகளும் கரைந்து, கதவுகள் மட்டும் வெண்மையினூடே தனித்து நிற்பனபோல் தோன்றின. அவற்றுள் பதினேழு என்னும் எண்ணைத் தாங்கிய பச்சைக் கதவு ஒன்றைத்தான், நண்பரே, உமக்குக் காட்ட வந்தேன். பனியில் நிற்பது அலுப்பாயிருந்தால் மாடிப்படி ஏறி வாரும். மேலே வெதுவெதுப்பாகவே இருக்கும்.

மேலே இருந்தது ஒரே ஓர் அறை. பலகணியோரம் தையற்பொறி, அதனடியில் துணி நறுக்குகள் நிறைந்த கூடை, மூலையில் ஒரு கட்டில். இவற்றிடையே ஒருவர் திரும்பினால் மற்றவர் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். அங்கே வாழ்ந்தவள் ஒரு தையற்காரி. தையல் என்பதற்குத் தமிழில் பெண் என்றும் பொருளுண்டாதலால், பிறப்பாலும் தையல், பிழைப்பாலும் தையல் என்று தன்னைத்தானே நகையாடிக்கொள்வாள். அவளிடம் ஒருநாள், பாலத்தின் அடியில் படுத்துறங்கும் கொத்தனார் ஒருவர், முழங்கை கிழிந்த சட்டையொன்றைத் தைக்கக் கொண்டுவந்தார். தெருவினர் அவரை நெட்டையர் என்றே அழைத்தனர். எந்தச் சட்டையும் அவர் மணிக்கட்டை எட்டியதில்லை. வேலை கேட்டுப் போகவே அச்சட்டை என்றறிந்து, அவள் கைந்நீளத்தையும் கூட்டித் தைத்தாள். தைத்து முடித்து நிமிர்ந்தபோது, அவர் ஒரு படிவத்தின்மீது கரிக்கோலை ஊன்றியபடி உறைந்திருந்தார்.

"என்னண்ணே, எழுத்து மறந்துபோச்சா?"

"எழுத்தெல்லாம் தெரியும் அக்கா. முகவரின்னு போட்டிருக்கான். பாலத்துக்கு அடியில, மூணாவது தூணுன்னா எழுத முடியும்?"

அவள் நெடுநேரம் எண்ணவில்லை. கரிக்கோலை வாங்கினாள், பதினேழாம் எண், மாடியறை என்று தன் முகவரியை அவர் பெயருக்குக் கீழே எழுதினாள். பத்தாம் நாள் அவர் பெயருக்கு மடல் வந்தது. வேலை கிடைத்தது, வேலையைக் காட்டி ஓர் அறையும் கிடைத்தது. வீடில்லாதவனுக்கு வேலையில்லை, வேலையில்லாதவனுக்கு வீடில்லை என்று உலகம் போட்டுவைத்திருந்த முடிச்சை, ஒரு கரிக்கோல் முனை அவிழ்த்துவிட்டது.

பிறகு கேட்க வேண்டுமா? பாலத்தடியிலிருந்து மேலும் இருவர் வந்தனர். சிறையிலிருந்து மீண்ட சமையற்காரர் வந்தார். கைக்குழந்தையோடு கணவன் வீட்டைவிட்டு வெளியேறியவள் வந்தாள். வந்தவரிடம் அவள் ஊரைக் கேட்பதில்லை, பழங்கதை கேட்பதில்லை. "பேரு சொல்லுங்க" என்பாள், அவ்வளவே. மடல்கள் குவியக் குவிய, துணி நறுக்குகளை இணைத்துப் பல அறைகள் கொண்ட நெடும்பை ஒன்றைத் தைத்துக் கதவின் உட்புறம் தொங்கவிட்டு, ஒவ்வொரு பையறையிலும் ஒருவர் பெயரை வண்ணநூலால் தைத்தாள். வீடு கிடைத்தவர் ஓடிவந்து சொல்லும் நாளில் அப்பெயரை நூல் நூலாகப் பிரித்தெடுப்பாள். ஊசி போன துளைகள் மட்டும் எஞ்சியிருக்க, அவற்றின்மேல் அடுத்தவர் பெயர் ஏறும்.

அஞ்சற்காரர்தாம் பாவம். "ஏம்மா, இந்த ஒரு கதவுக்கே எனக்குத் தனியா ஒரு பை வேணும்மா!" என்று மூச்சு வாங்கப் படியேறுவார், ஏறிவந்து, நல்ல மடலாயிருக்குமோ என்று தாமும் நின்று பார்ப்பார்.

இந்த இனிய கனவில் ஒருநாள், முகவரிக்கு எத்தனை பேர் என்று கணக்கெடுக்கும் குடிநீர் அலுவலகத்தார் ஒருவர் நுழைந்தார். தாள்களைப் புரட்டி, கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரரிடம், "உங்க மாடியறையில ஐம்பத்து மூணு பேர் குடியிருக்காங்களா?" என்று கேட்டார். வீட்டுக்காரர் கொடியவரல்லர், அந்த வீட்டையன்றி வேறொன்றும் இல்லாதவர். இரவெல்லாம் ஐம்பத்து மூவர் தம் மார்பின்மேல் பாய்விரித்துப் படுத்ததாகக் கனாக்கண்டு, விடிந்ததும் மேலே வந்தார்.

"இந்தாம்மா, உன் மேல எனக்குக் கோபமில்ல. ஆனா நாளைக்கு அத்தனை பேரும் இது எங்க வீடுன்னு வந்து நின்னா நான் எங்க போவேன்? மாசக் கடைசியில காலி பண்ணிடு."

அவள் வேறிடம் தேடினாள். போன இடமெல்லாம் "இப்ப எங்க இருக்கீங்க?" என்றனர், பதினேழு என்றதும், "ஓ, அந்த ஐம்பத்து மூணு பேரு வீடா?" என்று கதவைச் சாத்தினர். திங்களின் இறுதிநாட் காலையில், இறக்கிவைத்த தையற்பொறிக்கருகே, மடித்த பையை மடியிலிட்டுப் படியிலமர்ந்து, வாடகைக்கு வீடு தரும் குடியிருப்புச் சங்கத்தின் படிவமொன்றை நிரப்பினாள். பெயர் எழுதினாள். தொழில் எழுதினாள். அடுத்த கட்டத்தில் முகவரி என்றிருந்தது. கரிக்கோல் நின்றது. ஐம்பத்து மூவர்க்குத் தயங்காமல் எழுதியவள், தனக்கென்று எழுத ஒன்றுமின்றி அழுதாள்.

பனிக்குள்ளிருந்து முதலில் நீண்ட கைகளும் பின்னர் நெட்டையரும் வெளிப்பட்டனர். அவருக்குப் பின்னே பதினைந்து இருபது பேர், பெயர் பிரிக்கப்பட்டவர்கள், வந்து நின்றனர்.

"மூணு வாரமா வீடுவீடா அலைஞ்சேன் அக்கா. அந்த ஐம்பத்து மூணு பேரு முகவரியையும் வீட்டுக்கு மூணு பேருன்னு பிரிச்சுக்கிட்டோம். இனிமே எந்த ஆபீசருக்கும் மயக்கம் வராது."

"எல்லாரையும் சேர்த்தாச்சா? குழந்தைக்காரி?"

"சமையற்காரர் வீட்டுல."

"அப்ப சரி," என்று கண்ணைத் துடைத்தாள்.

"எங்க வீட்டு முகவரியில ரெண்டு பேருதான் இருக்காங்க அக்கா. மூணாவது உங்களுக்குன்னு வெச்சிருக்கேன். அந்தக் கரிக்கோலைக் கொஞ்சம் குடுங்க."

இன்று முகவரி கொடுக்கும் அக்கூட்டம் ஓர் அமைப்பு; அதற்குப் பெயர்ப்பலகை உண்டு, இருநூறுக்கும் மேற்பட்ட கதவுகள் உண்டு. ஆயினும் அது வளர்ந்த நாள் எதுவென்று என்னைக் கேட்டால், அந்தப் பனிக்காலையையே சொல்வேன்.

நெட்டையர் வீட்டில் தங்கவந்து பையை மாட்டியபோது காலியாயிருந்தது ஒரே பையறை. வீடு கிடைத்துப் போன ஒருவர் பெயரின் பழந்துளைகள் அதில் இன்னும் ஆறாதிருந்தன. அங்கே அவள் தன் பெயரைத் தைத்துக்கொண்டாள். நாற்பதாம் நாள் அவளுக்கும் மடல் வந்தது, வீடு கிடைத்துவிட்டது. ஊசிமுனையால் தன் பெயரைப் பிரிக்க உட்கார்ந்தாள். பாதி எழுத்து போயிருக்கும்; வாயிலில் நிழலாடியது. கையில் படிவத்தோடு யாரோ ஒருவர், உள்ளே வரலாமா கூடாதா என்றறியாமல் நின்றார்.

அவள் மிச்ச நூலை விரைந்து இழுத்தெறிந்து, புதுநூலை ஈரப்படுத்தி ஊசியில் கோத்தாள்.

"பேரு சொல்லுங்க," என்றாள்.